இசக்கிமுத்து அண்ணாச்சியின் கழுத்து

எங்கள் கடையில் பருத்திச் சேலைக்கு இசக்கிமுத்து அண்ணாச்சி, பரணுக்கு நான். பனகல் பார்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஜவுளிக்கடை அது. பெயர் வேண்டாம். முதலாளியின் பிள்ளைகள் இன்னும் நடத்துகிறார்கள், நானும் இன்னும் அந்தத் தெரு வழியாகத்தான் மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போகிறேன். பன்னிரண்டு வருஷம் அவர் கீழே, நான் மேலே. ஒரு நாளைக்கு நூறு தடவை பேசிக்கொள்வோம், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமலே.

வேலை முறை அப்படி. அண்ணாச்சி கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு சேலைகளை விரித்துப் போடுவார். அங்கே இல்லாத நிறத்தை யாராவது கேட்டால், தலையைத் திருப்பாமல், “கனகு, சுங்குடி, மாம்பழம்” என்று குரல் கொடுப்பார். கனகராஜ் என்ற என் பெயரை முழுசாகச் சொல்ல அவருக்கு நேரம் இருந்ததில்லை. நான் பத்தடி உயரப் பரணில் முட்டி போட்டு நகர்ந்து, அந்தச் சேலைக் கட்டை எடுத்துக்கொண்டு விளிம்புக்கு வருவேன். அவர் “விடு” என்பார். நான் விடுவேன். அவர் வலது கையை மட்டும் தூக்கி அதைப் பிடித்து, அதே வேகத்தில் பெட்டிமேல் இறக்கிவிடுவார். கண் மட்டும் வாடிக்கைக்காரர் முகத்தை விட்டு நகராது. அண்ணாந்து பார்த்தால் வியாபாரம் போச்சு என்பார். இந்த வேடிக்கையைப் பார்ப்பதற்காகவே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அவர் “விடு” என்று சொல்லாமல் எந்தக் கட்டும் கீழே வரக் கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம், பன்னிரண்டு வருஷம் ஒழுங்காக நடந்தது.

அவருக்கு ஊர் சாத்தான்குளம் பக்கம். பதினேழு வயதில் எழும்பூரில் வந்து இறங்கியவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் நிறம் என்று வந்தால் அந்த மனுஷனிடம் யாரும் நிற்க முடியாது. பச்சையில் மட்டும் நாற்பது பச்சை சொல்லுவார். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை, மாங்காய்ப் பச்சை, வாழைக் குருத்து என்று அவர் அடுக்கினால் எனக்கு எரிச்சலாக வரும். பரண் இருட்டில் எனக்குத் தெரிந்தது வெளிர் பச்சை, அடர் பச்சை என்று இரண்டுதான். ஒரு வாடிக்கை வீட்டார் ஐந்து வருஷத்துக்கு முன்னால் தங்கள் பெரிய மகள் கல்யாணத்துக்கு என்ன நிறம் எடுத்தார்கள் என்பதை, சின்ன மகள் கல்யாணத்துக்கு அவர்கள் வரும்போது சொல்லுவார். பொருந்தாத சேலையைப் பொருந்துகிறது என்று சொல்லமாட்டார். “இது உங்களுக்கு வேண்டாம்மா” என்று முகத்துக்கு நேரே சொல்லுவார். அதற்காகவே அவரைத் தேடி வருவார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எழுபத்து நாலாம் வருஷம் தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது அது நடந்தது. மணி நாலு ஆகியும் நான் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கவில்லை. கோபாலபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் ஏழு கட்டு இறக்கவைத்துவிட்டு எட்டாவதாக ஒன்று கேட்டார். “கனகு, சுங்குடி, கிளிப்பச்சை” என்றார் அண்ணாச்சி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரணில் வெக்கை, வயிற்றில் பசி, முட்டியில் வலி. அந்த அம்மாள் எதையும் எடுக்கப் போவதில்லை என்று மேலே இருந்த எனக்கே தெரிந்தது, கீழே இருக்கிறவருக்குத் தெரியாதா? கைக்கு அகப்பட்ட பச்சைக் கட்டை இழுத்துக்கொண்டு விளிம்புக்கு வந்தேன். அண்ணாச்சி குனிந்து ஒரு சேலையை மடித்துக்கொண்டிருந்தார். “விடு” வரவில்லை. நான் காத்திருக்கவில்லை. இந்தா, இதையும் காட்டித் தொலை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வீசினேன்.

விடவில்லை, வீசினேன். இத்தனை வருஷம் கழித்தும் இந்த ஒரு வார்த்தையை மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

பன்னிரண்டு சேலைக் கட்டு. பிடரியில், காதுக்குச் சற்றுப் பின்னால் விழுந்தது. அவர் முன்னால் சரிந்து, பெட்டியின் தேக்கு விளிம்பில் நெற்றி மோதி, சத்தமில்லாமல் மடங்கிப் போனார். பட்டுப் பிரிவிலிருந்த ஜவஹரும் நானும் அவரைப் பின்பக்கத்தில் சரக்கு வைக்கிற கிட்டங்கிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சோடாவை உடைத்து முகத்தில் அடித்தோம். ஜவஹர் டாக்சி பிடிக்க ஓடினான். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படுக்கவைத்தபோது நாலு பத்து. அவர் கண் திறந்தபோது நாலு இருபத்திரண்டு. கண் திறந்ததும் வாந்தி எடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “தீபாவளி முடிஞ்சிட்டாடே?” என்று கேட்டார்.

முதலாளி வந்து என்ன ஆச்சு என்றார். “அண்ணாச்சி விடுன்னாரு, விட்டேன். பிடிக்கல” என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதற்குத் துணைக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டிவந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர், “எவ்வளவு நேரம் நினைவு இல்லாம இருந்தார்?” என்று கேட்டபோது, “கண் மூடித் திறக்கிற நேரம்தாம்மா” என்றேன். அடி எங்கே பட்டது என்றபோது நெற்றிக் காயத்தைக் காட்டினேன். அடி சின்னது என்றால் குற்றமும் சின்னது என்று என் புத்தி கணக்குப் போட்டது போலிருக்கிறது. அந்த டாக்டரின் பெயர் குல்சும். திருவல்லிக்கேணிக்காரர், முப்பது வயது இருக்கும். நான் சொன்னதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்று நாள் வார்டில் வைத்திருந்தார்கள். தலையை எக்ஸ்ரே எடுத்தார்கள். மண்டை ஓட்டில் விரிசல் இல்லை, மூளை குலுங்கியிருக்கிறது என்றார் குல்சும். “இதுக்கு மருந்து ஓய்வுதான். சத்தம், வெளிச்சம், கடை எதுவும் வேண்டாம். மாசக்கணக்கா ஆகலாம், பயப்படாதீங்க” என்று அனுப்பிவைத்தார்.

அண்ணாச்சி குடியிருந்தது மாம்பலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒண்டுக் குடித்தனம். பத்து நிமிஷத்துக்கு ஒரு மின்சார ரயில். ஒவ்வொரு ரயிலுக்கும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வார். எழுந்து நின்றால் தரை சாய்கிறது என்பார். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தீப்பெட்டி எங்கே என்று தேடுவார். பால்காரனிடம் காலையில் பால் வாங்கிவிட்டு, அரை மணி கழித்து அவனைத் தேடிக்கொண்டு மறுபடி தெருவுக்குப் போவார். இரண்டு மகள்களின் பெயரும் தெரியும், எது யார் என்பதில் ஒரு நொடி தடுமாறுவார். அந்த ஒரு நொடியில் அந்தப் பெண்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. நாற்பது பச்சையும் போய் ஒரே பச்சையாகிவிட்டது. இதெல்லாம் போதாதென்று கழுத்து வேறு. வலது பக்கம் திருப்பினால் மின்னல் அடிக்கிற மாதிரி ஒரு வலி, இடது கை விரல்களில் மரமரப்பு.

நான் தினமும் கடை முடிந்து போய்ப் பார்ப்பேன். அவர் மனைவி முத்துலட்சுமி மதினி எனக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

“ஏ கனகு, நான் விடுன்னு சொன்னேனாடே?”

“சொன்னிய அண்ணாச்சி.”

“சொன்ன ஞாபகமே இல்லயே.”

“அடிபட்டதுல மறந்திருக்கும்.”

“பன்னெண்டு வருசம் பிடிச்ச கையி. எப்படித் தவறுச்சு?” என்று தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

ஒரு நாள் நான் உள்ளே நுழையும்போது சின்ன மகள் ஸ்டூல்மேல் ஏறி நின்று தலையணையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இவர் கீழே சுவரைப் பார்த்து நின்று, “விடு” என்றார். தலையணை விழுந்தது. கை தூக்கினார், தலையணை கைக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் விழுந்தது. “இன்னொருக்கா” என்றார். மறுபடி விழுந்தது. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு, “சும்மா புள்ளைக்கு விளையாட்டு” என்றார். நான் அன்று தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். அன்றே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

அதற்குள் ஊரில் எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள். பக்கத்துக் குடித்தனத்தில் மிளகுப் பற்று போடச் சொன்னார்கள். ஒருவர் கீழ்ப்பாக்கம் மனநோய் ஆஸ்பத்திரிக்கு மின்சாரம் வைக்கக் கூட்டிப் போகச் சொன்னார், அவரை நான் அடிக்காமல் விட்டதே பெரிது. முடிவெட்டப் போன இடத்தில் தனபாலன் கழுத்தைப் பிடித்துவிட்டான். தனபாலன் ரங்கநாதன் தெருவில் சலூன் வைத்திருந்தவன், முடி வெட்டி முடித்ததும் எல்லோருக்கும் தலையை இப்படியும் அப்படியும் திருகி நெட்டி எடுத்து அனுப்புவான்.

“இன்னா நைனா, கழுத்து கோணிக்கினு கீது? ரெண்டு சொடுக்கு சொடுக்கினா செட்டா வந்து குந்திக்கும்” என்று வெட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் தாடையில் கை வைத்ததும், அண்ணாச்சி பாதி வெட்டிய தலையோடு, தோளில் துண்டோடு, தெருவில் இறங்கி நடந்துவிட்டார். நான்தான் பின்னாலேயே ஓடினேன். “அவன் யாருடே, என் கழுத்த எதுக்குப் பிடிக்கான்?” என்று கேட்டார். பதினைந்து வருஷமாக அவனிடம்தான் முடி வெட்டிக்கொண்டிருந்தார்.

கார்த்திகை முடியும்போது முதலாளி என்னைக் கூப்பிட்டு, “தை முகூர்த்தத்துக்கு இசக்கி கடையில நிக்கணும். முடியலன்னா அந்த இடத்துல ஜவஹரப் போட்டுருவேன், சொல்லிரு” என்றார். முகூர்த்தக் காலத்தில் ஒருவன் நிற்கிற இடம்தான் அவன் இடம், அப்புறம் அதைக் கேட்டு வாங்க முடியாது. இதை நான் அண்ணாச்சியிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அன்றிலிருந்து அவருக்கு ஒரே பேச்சுத்தான்: தைக்குள் கழுத்தைச் சரி பண்ணு.

அப்போதுதான் மயிலாப்பூர் அபயாம்பாள் மாமி கடைக்கு வந்தார். பழைய வாடிக்கைக்காரர், அண்ணாச்சி எங்கே என்று கேட்டவர் கதை முழுவதும் கேட்டுவிட்டு, “எங்காத்துக்காரர் இடுப்பைப் பிடிச்சுண்டு நாலு மாசம் படுத்துண்டிருந்தார். கல்யாணராமன்னு ஒருத்தர், சித்திரக்குளத்துக்குப் பக்கத்துல இருக்கார், அமெரிக்காவுல படிச்சுட்டு வந்தவர். கைரோபிராக்டர்னு பேர். மருந்து கிடையாது, ஊசி கிடையாது, வெறும் கைதான். மூணே தடவைல எழுந்து நடந்துட்டார், கேட்டேளா” என்றார். அந்தப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. முத்துலட்சுமி மதினி அவரைக் கழுத்து டாக்டர் என்றே சொல்லிவிட்டார்.

அண்ணாச்சியை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டின் முன்னறைதான் ஆஸ்பத்திரி. முகம் புதைக்க ஓட்டை வைத்த நீளமான பெஞ்சு ஒன்று. மூலையில் ஒரு முதுகெலும்புப் பொம்மை தொங்கியது. கல்யாணராமன் ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் விபூதி, வெள்ளைக் கோட்டு. பொம்மையின் மேல் இரண்டு எலும்புகளைத் தொட்டுக் காட்டி, “இதுல ஒண்ணு துளி விலகியிருக்கும்னு தோணறது. விலகினா நரம்பை அழுத்தும், தலை சுத்தும், விரல் மரக்கும். ஒரு சின்னத் திருப்பு திருப்பினா உக்காந்துடும். ஆனா அவசரப்படமாட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டாங்கோ, ஆத்துல கலந்து பேசிண்டு வெள்ளிக்கிழமை வாங்கோ” என்றார். பேச்சில் ஒரு நிதானம் இருந்தது. ஏமாற்றுக்காரர் இல்லை என்று எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சீட்டு வாங்கப் போனபோது குல்சும் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் பேனாவை மூடி வைத்தார். “அந்த வைத்தியம் பத்தி எனக்கு முழுசா தெரியாது. தெரியாததை மோசம்னு சொல்லமாட்டேன். ஆனா அடிபட்ட கழுத்தை வெடுக்குன்னு திருப்பினா மூளைக்குப் போற ரத்தக் குழாய்க்கு ஆபத்து வரலாம். என்னைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்வேன். சும்மா இருந்தாலே பெரும்பாலானவங்களுக்குச் சரியாயிடும்” என்றார்.

“எப்பம்மா சரியாகும்?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“அதை என்னால சொல்ல முடியாது.”

வெளியே வந்ததும் அண்ணாச்சி சொன்னார்: “ஒருத்தரு வெள்ளிக்கிழமைங்காரு. ஒருத்தரு சொல்ல முடியாதுங்காவ. நான் யார்கிட்டடே போவேன்?” எனக்கும் தலை சுற்றியது. படித்தவர்களே ஆளுக்கொன்று சொன்னால் பரணில் ஏறுகிறவன் என்ன சொல்ல? வேண்டாம் என்றால் தை போய்விடும். சரி என்றால் கழுத்து.

வியாழக்கிழமை சாயங்காலம் மதினி பூக்கட்டிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் குழப்பம் வந்தால் அதுதான் வழக்கம். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, சாமி படத்துக்கு முன்னால் போட்டு, குழந்தையை ஒன்று எடுக்கச் சொல்வது. எந்தப் பூ வந்தால் போவது என்பதை வீட்டுத் தலைவன் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அண்ணாச்சி சொன்னார். சின்ன மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை.

“வெள்ளைன்னா வேண்டாம்னுதான சொன்னிய?” என்றார் மதினி.

“இல்லட்டீ, வெள்ளைன்னா போகணும்னு சொன்னேன்.”

“சிவப்புன்னா போகணும்னு சொன்னிய. என் காதால கேட்டேன்.”

அண்ணாச்சி பூவைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். “நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியலயே” என்றார். மதினி பெரிய மகளைக் கேட்டார், அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மறுபடி கட்டிப் பார்க்கக் கூடாது, சாமிக் குற்றம். நாலு பேரும் கடைசியில் என்னைப் பார்த்தார்கள். அண்ணாச்சி பூவைச் சொன்னபோது நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன், அவர் சொன்னது என் காதில் விழவில்லை. அண்ணாச்சி சொன்னார்: “கனகு, நீ சொல்லு. என் புத்தி சரியில்ல. விடுன்னு சொன்னதே மறந்துபோன பய நான். நீ சொல்லுதபடி செய்வோம்.”

“போவோம் அண்ணாச்சி” என்றேன். அவர் சரியாகிவிட்டால் நான் செய்ததும் இல்லையென்று ஆகிவிடும் என்ற ஆசைதான். என் ஆசைக்கு அவர் கழுத்து.

வெள்ளிக்கிழமை கல்யாணராமன் சீட்டை நிதானமாகப் படித்தார். “மயக்கம் சில விநாடிதான்னு போட்டிருக்கா. நல்லதாப் போச்சு. அடி எப்படிப் பட்டது?” என்று கேட்டார்.

“நான் விடுன்னு சொன்னேன் சார். பிடிக்கும்போது கை தவறி முன்நெத்தில பட்டுட்டு” என்றார் அண்ணாச்சி. நான் சொல்லிக்கொடுத்த கதை, பாடம் மாதிரி ஒப்பித்தார். நெற்றித் தழும்பைத் தொட்டும் காட்டினார்.

“முன்பக்கம்தானே? அப்போ பயமில்லை. முதல்ல குப்புறப் படுத்துக்கோங்கோ.”

அண்ணாச்சி ஓட்டையில் முகத்தைப் புதைத்துப் படுத்தார். கல்யாணராமன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, பிடரியில் விரல்களால் தடவிப் பார்த்தார். அந்த இடம். காதுக்குச் சற்றுப் பின்னால். ஒரு கை தாடைக்கடியில் போனது, இன்னொரு கை பிடரியில் பதிந்தது. “உடம்பைத் தளர விடுங்கோ” என்றார். அண்ணாச்சியின் வலது கை பெஞ்சுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை மேல்நோக்கி, எதையோ பிடிக்கத் தயாராக இருப்பதுபோல.

“தொடாதீங்க சார்!” என்று கத்திவிட்டேன்.

கல்யாணராமன் அப்படியே நின்றார். நிறுத்தினால் மறுபடி வராது என்று எனக்குத் தெரிந்தது. “அடி முன்னால இல்ல சார், பிடரில. அவர் விடுன்னு சொல்லல. குனிஞ்சிட்டிருந்தாரு. நான்தான் கோவத்துல வீசினேன். மயக்கம் ஒரு செகண்டு இல்ல, பன்னெண்டு நிமிசம். கடிகாரத்தப் பாத்தேன். வாந்தி எடுத்தாரு. எல்லாம் பொய் சொல்லிட்டேன் சார்” என்று கொட்டினேன்.

அவர் இரண்டு கைகளையும் மெதுவாக எடுத்தார், அண்ணாச்சியின் தலையைத் தாங்கிப் பழையபடி வைத்துவிட்டு. முகம் சிவந்துபோயிருந்தது. “பன்னண்டு நிமிஷமா? ஏன்யா, உமக்கு மனுஷ ஜென்மம்தானா? இந்தச் சீட்டை நம்பி நான் திருப்பியிருந்தா?” என்று கேட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் தொடமாட்டேன். இன்னிக்கே அந்த டாக்டரம்மாகிட்ட அழைச்சுண்டு போங்கோ. இதே மாதிரி அங்கயும் சொல்லும்” என்றார்.

அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தார். பெஞ்சின் ஓட்டை முகத்தைச் சுற்றி வட்டமாகப் பதிந்திருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, “நாம எங்கடே போயிட்டு வாறோம்?” என்று கேட்டார்.

குல்சும் டாக்டர் என்னைத் திட்டியதை இங்கே எழுதவில்லை. அதில் ஒரு சொல்கூட அதிகமில்லை. கழுத்தைத் தனியாக எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு இடம் தெளிவாக இல்லை, சந்தேகமாக இருக்கிறது என்று கழுத்தில் பட்டை கட்டி, ஆறு வாரம் யாரும் கை வைக்கக் கூடாது என்றார். “அவரு திருப்பியிருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?” என்று நான் கேட்டேன். “தெரியாது. ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம்” என்றார். அந்தப் பதில் எனக்கு ஆறுதலா தண்டனையா என்று இன்றுவரை விளங்கவில்லை.

மதினியிடம் நானே சொன்னேன். அவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “இத்தன நாளா எங்க வீட்டுத் தண்ணியக் குடிச்சிக்கிட்டே அவுகள நம்ப வச்சியளா?” என்று ஒன்றுதான் கேட்டார். அதன் பிறகு வெகுநாள் என்னோடு பேசவில்லை. ஆனால் தண்ணீர் மட்டும் வைப்பார். கடையிலும் சொன்னேன். முதலாளி என்னைப் பரணிலிருந்து இறக்கிக் கிட்டங்கிக்கு அனுப்பினார். தை முகூர்த்தத்துக்கு அண்ணாச்சி இடத்தில் ஜவஹர் நின்றான்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மறுநாள் நான் போனபோது அண்ணாச்சி பழையபடி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஏ கனகு, நான் விடுன்னு சொன்னேனாடே?”

பெஞ்சில் படுத்துக் கேட்டதெல்லாம் போய்விட்டிருந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு டம்ளரை எடுத்து என்மேல் எறிந்தார். எழுந்து வந்துவிட்டேன். அடுத்த நாள் போனேன், மறுபடி அதே கேள்வி. சொன்னேன். அன்று அழுதார். அதற்கடுத்த நாளும் கேட்டார். சொன்னேன். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொய் சொன்னதற்கு உண்மையை எத்தனை தடவைதான் சொல்வது என்று அலுப்புக்கூட வந்தது, அந்த அலுப்புக்காக என்னையே வெறுத்தேன். நான் வீசிய அந்தச் சேலைக் கட்டைக் கறை பட்டதென்று கிட்டங்கியில் ஓரமாகப் போட்டிருந்தார்கள். ஒரு நாள் அதிலிருந்து ஒரு சேலையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். “இதுதான் அண்ணாச்சி. நீங்க கிளிப்பச்சை கேட்டிய. இத எடுத்துத்தான் வீசினேன்.” அவர் தடவிப் பார்த்து, “பச்சை” என்றார். அவ்வளவுதான். சேலையை அங்கேயே விட்டு வந்தேன்.

தை போய் மாசி வந்தது. பட்டையைக் கழற்றினார்கள். ரயிலுக்குக் காதைப் பொத்துவது குறைந்தது. மகள்கள் பெயரில் தடுமாறுவது நின்றது. ஆனால் கேள்வி மட்டும் நிற்கவில்லை. நானும் தினமும் சொன்னேன்: பசி, கோபம், நீங்கள் குனிந்திருந்தது, நான் காத்திருக்காதது, பன்னிரண்டு நிமிஷம். சொல்லிச் சொல்லி அதில் சேர்க்கவும் ஒன்றுமில்லை, குறைக்கவும் ஒன்றுமில்லை என்று ஆகியிருந்தது.

மாசிக் கடைசியில் ஒரு நாள். வழக்கம்போல் கேட்டார், வழக்கம்போல் சொல்லிக்கொண்டு வந்தேன். “கிளிப்பச்சைக் கட்ட எடுத்துக்கிட்டு விளிம்புக்கு வந்தேன்” என்றதும் கையை நீட்டி நிறுத்தினார்.

“அது கிளிப்பச்சை இல்லடே” என்றார்.

மடியில் அந்தச் சேலை இருந்தது. அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். “இது பாசிப்பச்சை. நான் கேட்டது கிளிப்பச்சை. தப்பான கட்ட எடுத்திருக்க. ஒவ்வொரு நாளும் தப்பாத்தான் சொல்லுத.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பச்சை திரும்பி வந்துவிட்டது என்பது முதலில் உறைத்தது. அப்புறம்தான் அடுத்தது. “ஒவ்வொரு நாளும்னா? அண்ணாச்சி, உங்களுக்கு நான் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கா?”

“மூணாவது நாள்லேர்ந்து இருக்கு.”

“அப்புறம் எதுக்கு அண்ணாச்சி தெனமும் கேட்டிய?”

அவர் சேலையை மடித்தார். நாலு மடிப்பு, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கடையில் மடிக்கிற மடிப்பு. “தலைக்குள்ள எல்லாம் மாறிக்கிட்டே கிடந்துச்சுடே. நேத்து பாத்தது இன்னைக்கு இல்ல. பூவே மாறிப்போச்சு. நீ சொல்லுததாவது மாறாம வருதான்னு பாத்தேன். வந்துச்சு. அதப் பிடிச்சிக்கிட்டுத்தான் கிடந்தேன்” என்றார்.

நான் முகத்தைத் துடைத்துக்கொள்வதை மதினி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். செம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “குடிங்க தம்பி” என்றார்.

கிளம்பும்போது அண்ணாச்சி வாசல்வரை வந்தார். “நாளைக்கும் வா. இன்னும் ஒருக்கா சொல்லு, பச்சையச் சரியாச் சொல்லு” என்றார்.

மறுநாள் போனேன். பாசிப்பச்சை என்று சொன்னேன்.